டிராயரில் பம்பரம், டெஸ்க்கில் புலி

கரும்பலகையில் எழுதிக்கொண்டே முதுகால் பார்க்கத் தெரிந்தவர்தான் ஆசிரியர். மற்றவர்களெல்லாம் பாடம் தெரிந்தவர்கள், அவ்வளவுதான். இந்த வித்தையைப் பயிற்சிக் கல்லூரியில் யாரும் சொல்லித் தருவதில்லை. பாடம் மும்முரமாகப் போய்க்கொண்டிருக்கும்போது பெஞ்சுக்கு அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும். சட்டென்று திரும்பினால் நாற்பது முகமும் சாமி படம் மாதிரி அசையாமல் இருக்கும். இந்த அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால் நாம் ஒரே கட்சி. உட்காருங்கள், சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது அறுபதுகளின் தொடக்கத்தில், சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்துக்குள் இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். கீழே இரண்டு அறை, மாடியில் இரண்டு அறை. இடம் போதாததால் காலையில் ஒரு பள்ளிக்கூடம், மதியம் ஒரு பள்ளிக்கூடம். அறையும் கரும்பலகையும் டெஸ்க்கும் அதேதான். பிள்ளைகளும் ஆசிரியர்களும் மட்டும் மாறுவோம். எனக்கு அப்போது இருபத்தொரு வயது. காலையில் நான் ஐந்தாம் வகுப்புக்கு சரோஜா டீச்சர். மதியம் பஸ் பிடித்துப் பயிற்சிக் கல்லூரிக்குப் போய்விட்டால் நானே மாணவி.

வேலை நிரந்தரமாகவில்லை. அந்த வருஷத்துக்குள் இன்ஸ்பெக்டர் ஒருநாள் வருவார், பின்னால் உட்கார்ந்து பார்ப்பார், அறிக்கை எழுதுவார். அறிக்கையில் 'வகுப்புக் கட்டுப்பாடு' என்று ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டம் சரியில்லையென்றால் மற்றக் கட்டங்களைக் கல்வி ஆபீஸில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள் என்று முதல்நாளே பெரிய சார் சொல்லிவிட்டார். தலைமையாசிரியரைத்தான் பெரிய சார் என்போம். ஆள் என் தோள் உயரம்தான் இருப்பார். ஆனால் அவர் செருமினால் மாடி அறையில்கூட சத்தம் அடங்கும்.

முதல் பறிமுதல்

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள். கடைசி வரிசையில் முருகையன் என்ற பையன் டெஸ்க்குக்கு அடியில் உள்ளங்கையில் பம்பரத்தைச் சுழலவிட்டுக்கொண்டிருந்தான். நான் நேராகப் போய் கையை நீட்டினேன். அவன் பம்பரத்தைக் கொடுத்த விதம் இருக்கிறதே, பொண்ணைக் கட்டிக்கொடுக்கும் அப்பா தோற்றார். பறித்த சாமானையெல்லாம் ஆசிரியர் மேசை டிராயரில் போட்டுவைத்து, தவணை முடியும் நாளில்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது பள்ளிக்கூட வழக்கம். நானும் டிராயரைப் படாரென்று சாத்தி, ஒழுக்கம் பற்றிக் கால்மணி நேரம் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். கேட்டுக்கொண்டிருந்தபோதே இன்னும் மூன்று பேர் கோலி ஆடினார்கள்.

இரண்டு வாரத்தில் டிராயர் நிறைந்துவிட்டது. நான்கு பம்பரம், ஒரு கைப்பிடி கோலிக்குண்டு (பிள்ளைகள் 'குலி' என்பார்கள்), ரப்பர் வளையம் கோத்துப் பின்னிய தாண்டுகயிறு ஒன்று, காலால் உதைத்து ஆடும் கோழியிறகுச் சாப்டே இரண்டு. எல்லாவற்றுக்கும் மேலே சாவி கொடுத்தால் குதிக்கும் ஒரு பச்சைத் தகரத் தவளை. அது நாகம்மா என்ற பெண்ணுடையது. இடைவேளையில் வகுப்பு காலியாக இருந்தபோது எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. நிரந்தரமாகாத ஆசிரியை என்பதை ஒரு நிமிஷம் மறந்துவிட்டுத் தவளைக்குச் சாவி கொடுத்தேன். மேசைமேல் தத்தித் தத்திப் போயிற்று. இன்னொரு முறை கொடுத்தேன். மூன்றாவது முறை கொடுக்கும்போது வாசலிலிருந்து முருகையன் குரல் வந்தது:

"டீச்சர், ரொம்ப முறுக்காதீங்க லா, ஸ்பிரிங் போயிடும்."

பெரிய சாரின் வைத்தியம்

பறித்துப் பறித்துக் கை ஓய்ந்துபோய் பெரிய சாரிடம் யோசனை கேட்டேன். இருபது வருஷ அனுபவசாலி. "வகுப்புல விளையாடினா, எல்லார் முன்னாடியும் நிக்க வச்சு அதையே விளையாடச் சொல்லுங்க. அஞ்சு நிமிஷத்துல வெக்கப்பட்டு அழுதுடும். அப்புறம் ஜென்மத்துக்கும் தொடாது" என்றார்.

மறுநாள் மாட்டியவள் நாகம்மா. மொழிப்பாட நேரத்தில் மடியில் வைத்து அஞ்சாங்கல் ஆடிக்கொண்டிருந்தாள். நிஜக் கல் இல்லை. துணியை முக்கோணமாகத் தைத்து உள்ளே பச்சைப்பயறு அடைத்த குட்டிப் பைகள். "வா, முன்னாடி வந்து ஆடு" என்றேன். வந்தாள், தரையில் சம்மணம் போட்டாள், ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொரு கட்டமாகத் தாண்டினாள். ஒரு பையை மேலே வீசிவிட்டு, அது இறங்குவதற்குள் மற்ற நான்கையும் அள்ளி, அதையும் பிடித்தாள். நாலாவது கட்டத்தில் வகுப்பே சேர்ந்து எண்ண ஆரம்பித்தது. ஏழாவது கட்டத்தில் நானும் எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டாவது கட்டத்தை அவள் முடித்தபோது எழுந்த கைதட்டலில், கீழே மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் படியேறி வந்து சன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே பெரிய சாரும் வந்து நின்றார். நாகம்மாவின் முகத்தில் வெட்கத்தைத் தேடினார். அது இல்லை, என் முகத்தில்தான் இருந்தது.

"வைத்தியம் பாக்கச் சொன்னா, திருவிழால்ல நடத்துறீங்க, டீச்சர்."

தீப்பெட்டி

மதியம் என் அறையில் நாலாம் வகுப்பு நடத்தியவர் செல்லத்துரை மாஸ்டர். பூர்வீகம் யாழ்ப்பாணம், பிறந்து வளர்ந்தது இங்கேதான். ஐம்பது வயதுக்கு மேல். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, வாயில் எப்போதும் பற்றவைக்கப் போகிற ஒரு சிகரெட். ஒரே மேசை, ஒரே டிராயர், இரண்டு பேர் என்பதால், பகல் பன்னிரண்டே முக்காலுக்கு நான் பையைத் தூக்கும்போது அவர் குடையை வைப்பார். சந்திப்பது அந்த ஐந்து நிமிஷம்தான். மீதியெல்லாம் சீட்டு எழுதி டிராயரில் போட்டுவிடுவோம். 'சுண்ணக்கட்டி தீர்ந்துவிட்டது', 'மூன்றாம் பெஞ்சுக்குக் கால் ஆடுகிறது' என்று போகும் எங்கள் கடிதப் போக்குவரத்து.

ஒருநாள் காலையில் முருகையனிடமிருந்து ஒரு தீப்பெட்டியைப் பறித்தேன். உள்ளே என்ன என்று கேட்டால் திருதிருவென்று விழித்தான். நெருப்போடு விளையாடுகிறானே என்று எனக்குக் கோபம். திறந்துகூடப் பார்க்காமல் டிராயரில் எறிந்துவிட்டு, அன்று சீக்கிரமே பஸ்ஸுக்கு ஓடிவிட்டேன். மதியம் மாஸ்டருக்கு சிகரெட் பற்றவைக்க நெருப்பு இல்லை. டிராயரைத் திறந்திருக்கிறார், தீப்பெட்டி கண்ணில் பட்டிருக்கிறது. நம் பையன்கள் செடி செடியாகத் தேடிப் பிடித்து, இலை வைத்து வளர்த்துச் சண்டைக்கு விடுவார்களே, அந்தச் சிலந்தி உள்ளே காலையிலிருந்து கோபமாகக் காத்துக்கொண்டிருந்தது. பெட்டியைத் தள்ளியதும் மாஸ்டர் சட்டைப்பைக்குள் பாய்ந்திருக்கிறது. நாலாம் வகுப்பு அன்று பாடமே படிக்கவில்லை என்று கேள்வி.

மறுநாள் முருகையன் வந்து, "சாம்பியன் டீச்சர் அது, ஒம்பது சண்டை ஜெயிச்சது" என்று கண்கலங்கினான். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. டிராயரைத் திறந்தேன். தீப்பெட்டிக்குக் கீழே மாஸ்டரின் அழகான கையெழுத்தில் ஒரு சீட்டு:

"பிள்ளை, உம்மட தீப்பெட்டிக்குள்ள குச்சி ஒண்டும் இல்லை, எட்டுக் கால்தான் இருந்தது; இனிமேல் வெளியில எழுதி வையும்."

ஆளுக்கொன்று

தவணை முடியும் நாள் வந்தது. வழக்கப்படி மதியத்துக்காரர்களும் தவணை முடிவில்தான் சாமான்களைத் திருப்பிக் கொடுப்பார்கள். நாங்கள் கொடுப்பது கடைசி நாளான வெள்ளிக்கிழமை, அவர்கள் கொடுப்பது அதற்கு முந்தின நாள் வியாழக்கிழமை என்பதுதான் வித்தியாசம். வெள்ளிக்கிழமை காலையில் நான் கம்பீரமாக வகுப்பு முன்னால் நின்று, "எல்லாரும் வரிசையா வாங்க" என்று டிராயரை இழுத்தேன். உள்ளே ஒரு சுண்ணக்கட்டியும் ஒரு செத்த கரப்பானும் இருந்தன. வேறெதுவும் இல்லை.

இரக்கசாலியான செல்லத்துரை மாஸ்டர், டிராயரில் இருந்தது எல்லாமே தன் பிள்ளைகளுடையது என்று நினைத்து, ஒரு சாமான் விடாமல் வியாழக்கிழமையே விநியோகம் பண்ணிவிட்டார். கேட்டுக் கேட்டுத்தான் கொடுத்தாராம். 'இந்தப் பம்பரம் யாருடையது' என்று கேட்டதற்கு ஏழு பேர் கை தூக்கினார்களாம். அதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. என் நாற்பது பிள்ளைகளும் அழத் தயாராக நின்றார்கள். அன்று நான் கல்லூரிக்குப் போகவில்லை. காலைப் பிள்ளைகளை ஒருபக்கம், மதியப் பிள்ளைகளை மறுபக்கம் நிறுத்தி, பம்பரம் பம்பரமாக, குலி குலியாகத் தாவா தீர்த்தோம்.

கடைசியில் தவளை மட்டும் வரவில்லை. யாரிடம் இருக்கிறது என்று மாஸ்டர் கேட்க, தலையில் முக்காடு போட்ட சின்னப் பெண் ஒருத்தி முன்னால் வந்தாள். பெயர் ஹமீதா, நாலாம் வகுப்பு. பைக்குள்ளிருந்து தவளையை எடுத்தாள். ஒரு கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தாள். "உன்னோடது இல்லைன்னு தெரிஞ்சும் ஏன் வாங்கின?" என்று நான் கேட்டேன். அவள் என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள்:

"சாரே கூப்பிட்டுக் குடுக்குறாங்க, வேணாம்னு சொன்னா மரியாதையா இருக்குமா டீச்சர்?"

டெஸ்க்குக்குள் யாரோ

அதற்குப் பிறகு மாஸ்டர் டிராயரின் நடுவில் ஓர் அடிக்கோலைச் செருகிவிட்டார். இடது பக்கம் எனது, வலது பக்கம் அவருடையது. இரண்டாம் தவணையில் என் பக்கம் காலியாகவே கிடந்தது. எல்லாரையும்விட ஆச்சரியம் முருகையன். வாரத்தில் இரண்டு நாள் மட்டம் போடுகிறவன், ஒருநாள் விடாமல் வந்தான். அதுவும் மணி அடிப்பதற்கு அரைமணி முன்னால். பம்பரம் இல்லை, தீப்பெட்டி இல்லை. நான் திருத்திவிட்டேன் என்று பெருமையாக வீட்டில் என் அக்காளிடம்கூடச் சொன்னேன். ஒன்றுதான் உறுத்தியது. எல்லாப் பிள்ளைகளும் புத்தகத்தை டெஸ்க்குக்குள் வைக்க, அவன் மட்டும் பையைக் காலடியில் வைத்திருந்தான்.

ஒருநாள் இடைவேளையில் போய் அந்த டெஸ்க்கின் மூடியைத் தூக்கினேன். உள்ளே அடிப்பலகையில் சுண்ணக்கட்டியால் ஆடுபுலி ஆட்டத்துக் கட்டம் போட்டிருந்தது. புளியங்கொட்டை மூன்று புலி. மரத்தடியில் பொறுக்கிய சிவப்புச் சாகா விதைகள் (ஊரில் மஞ்சாடி என்பார்கள்) ஆடு. ஆட்டம் பாதியில் இருந்தது. முருகையனைக் கூப்பிட்டேன். கேட்டதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். ஆடு அவனுடையது. காலையில் வந்ததும் ஒரு ஆடு வைப்பான், அல்லது நகர்த்துவான். மதியம் அதே டெஸ்க்கில் உட்காரும் ஆள் ஒரு புலியை நகர்த்தும். மறுநாள் இவன் முறை. வெட்டுப்பட்ட ஆட்டை மூலையில் ஒதுக்கிவைக்க வேண்டும் என்பது விதி. ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒரு நகர்வுதான். ஒரு மாதமாக ஆடுகிறார்கள். எதிராளி யார் என்றால் தெரியாது. பார்த்ததே இல்லை. யோசித்து யோசித்து ஆடுவதால் பெரிய பையனாகத்தான் இருக்க வேண்டும் என்றான்.

நியாயமாக நான் ஈரத்துணியை எடுத்திருக்க வேண்டும். எடுத்தேன். ஆனால் முருகையனைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தது என் போதனை அல்ல, இந்தப் புளியங்கொட்டைதான் என்று தெரிந்த பிறகு துடைக்கக் கை வரவில்லை. மாஸ்டருக்கு ஒரு சீட்டு எழுதி, அந்த டெஸ்க்கில் மதியம் உட்காருவது யார், இது அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். மறுநாள் பதில் வந்தது:

"ஓம் பிள்ளை, அது ஹமீதா, எனக்கு மூண்டு கிழமையாத் தெரியும், துடைச்சுப் போடாதையும், அவள் வெல்லப் போறாள்."

வெளிச்சம்

மூன்றாம் தவணையில் இன்ஸ்பெக்டர் வரும் நாள் தெரிந்தது. பெரிய சார் இரண்டு முறை வந்து டிராயரைச் சோதித்துவிட்டுப் போனார். முருகையனைக் கூப்பிட்டு, ஒரே ஒருநாளைக்கு ஆட்டத்தைக் கலைத்துவிடச் சொன்னேன். "இன்னும் ரெண்டு ஆடு நகந்துட்டா மூணு புலியும் மாட்டிக்கும் டீச்சர்" என்றான். அவன் என்னிடம் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. சரி, மேலே பேப்பரைப் போட்டு மூடிவிடு என்றேன். அன்று காலை அவன் தன் ஆட்டை நகர்த்தி, பேப்பரைப் போட்டு மூடினான். நான் இன்னும் கெட்டிக்காரத்தனமாக ஒரு காரியம் செய்தேன். அவன் என் கண்முன்னால் இருக்கட்டும் என்று முதல் வரிசைக்கு மாற்றினேன். அவன் பக்கத்து இடம் ஏற்கனவே காலி. அங்கிருந்த பையனை அப்பா ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றிவிட்டார். ஆகவே கடைசி டெஸ்க் முழுசாக ஆளில்லாமல் இருந்தது.

இன்ஸ்பெக்டர் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, கையில் தொப்பி. தலையை மட்டும் அசைத்தார். அறையை ஒரு சுற்று பார்த்தார். காலியாக இருந்த ஒரே இடத்துக்கு நேராகப் போய் உட்கார்ந்தார். நான் கரும்பலகையில் தசமக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து 'கிறீச்' என்று மூடி திறக்கும் சத்தம் கேட்டது. தொப்பியை உள்ளே வைக்கத் திறந்திருக்கிறார். பேப்பர் சரசரத்தது. சுண்ணக்கட்டி என் கையில் இரண்டாக உடைந்தது. அவ்வளவு நாள் பழகிய முதுகுக்கு அன்று ஒன்றும் தெரியவில்லை. திரும்பிப் பார்க்கவும் தைரியமில்லை. ஒரு கணக்கு எழுதினேன், இரண்டாவது எழுதினேன், நாலாவது எழுதும்போது மறுபடி 'கிறீச்'. மூடி இறங்கியது.

திரும்பினேன். அவர் நோட்டுப் புத்தகத்தில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. மணி அடித்ததும் எழுந்தார். வேலை போயிற்று என்றே நினைத்துக்கொண்டு வாசல்வரை கூட வந்தேன். அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு, அதுவரை பேசாதவர், ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்:

"உங்க கடைசி வரிசையில வெளிச்சம் நல்லா இருக்கு."

கள்ளாட்டம்

மறுநாள் காலை முருகையன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, ஒரு காகிதத்தோடு என் மேசைக்கு வந்தான். முகம் சிவந்திருந்தது. காகிதத்தில் கொட்டை எழுத்தில் 'கள்ளாட்டம்' என்று எழுதியிருந்தது. "என் ஆட்டை வெட்டினது அவன். வெட்டின ஆட்டை மூலையில வைக்காம எடுத்துக்கிட்டுப் போனதும் அவன். என்னையே கள்ளாட்டம்னு எழுதுறான் டீச்சர்!" என்றான். அன்று மதியம் இருவரையும் சேர்த்து நிறுத்தினோம். எதிராளி தன் தோளுக்குக்கூட வராத ஒரு பெண் என்று அறிந்ததும் முருகையனுக்கு வாயடைத்துப்போயிற்று. ஹமீதாவுக்கு அடைக்கவில்லை. நேற்று மதியம் அவள் மூடியைத் திறந்தபோதே அவளுடைய புலி ஒரு ஆட்டைத் தாண்டி நின்றதாம். தன்னை மாட்டவைக்க இவனே புலியை நகர்த்தியிருக்கிறான் என்றாள். "நான் தொடலை" என்று அவனும், "நான் தொடலை" என்று அவளும் ஆணையிட்டார்கள்.

அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. காலையில் முருகையன் நகர்த்தியதற்கும் மதியம் ஹமீதா திறந்ததற்கும் நடுவில் அந்த டெஸ்க்கில் உட்கார்ந்தவர் ஒருவர்தான். சொல்ல வாயெடுத்தேன். அறிக்கை இன்னும் வரவில்லை. இன்ஸ்பெக்டர் வகுப்பில் ஆட்டம் ஆடினார் என்று இரண்டு பிள்ளைகள் ஊரெல்லாம் சொன்னால் என் வேலை என்னாகும்? வாயை மூடிக்கொண்டேன். அந்த வெட்கம் இன்றைக்கும் எனக்கு இருக்கிறது. முருகையன் மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. கடைசி டெஸ்க் காலியாக இருந்தது. நான் கேட்டு ஏங்கிய அமைதி வகுப்பில் முழுசாக இருந்தது, எனக்குத்தான் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் நாகம்மா தானாகவே எழுந்து நின்று சொன்னாள்:

"கள்ளாட்டக்காரன்னு பேர் வாங்கிக்கிட்டு அந்த டெஸ்க்குல உக்கார மாட்டேன்னு சொல்லிட்டான் டீச்சர்."

ஆபீஸ் உத்தரவு

நான்காம் நாள் காலையில் பெரிய சார் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். மேசைமேல் பழுப்பு நிற ஆபீஸ் உறை. அறிக்கையை முழுக்கப் படித்துவிட்டிருந்தார். 'வகுப்புக் கட்டுப்பாடு: நன்று. நிரந்தரமாக்கலாம்.' எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் பெரிய சார் சந்தோஷப்படாமல் ஏதோ ஒரு சின்ன மடிப்புக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் ஒரு சிவப்புச் சாகா விதை இருந்தது.

காகிதத்தில் இப்படி எழுதியிருந்தது: "கடைசி வரிசை டெஸ்க்கில் புலியை நகர்த்தியது நான். வெட்டிய ஆடு தவறுதலாக என் சட்டைப்பையில் வந்துவிட்டது. யோசித்துப் பார்த்தேன், அது நல்ல நகர்வும் இல்லை. இரண்டையும் பழைய இடத்தில் வைத்துவிடவும்."

"எந்தப் புலி டீச்சர்?" என்றார் பெரிய சார். மறைக்க இனி ஒன்றும் இல்லை. மாடிக்கு அழைத்துப் போய் மூடியைத் தூக்கிக் காட்டினேன். மாதக்கணக்காக நடக்கிறது என்று நான் சொல்லச் சொல்ல அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் செருமினார், மூன்றாம் வகுப்பு சத்தம் அடங்கியது. அப்புறம் சொன்னார்: "ஆபீஸ் உத்தரவு வந்திருக்கு. நிறைவேத்துங்க."

பன்னிரண்டே முக்காலுக்கு மாஸ்டர் குடையை வைத்ததும், ஹமீதாவைப் பிடித்து வைக்கச் சொல்லிவிட்டு, விதையைக் கைக்குள் மூடிக்கொண்டு முருகையன் வீடு இருந்த கெர்பாவ் ரோட்டுக்கு ஓடினேன். நல்ல வெயில், சேலை தடுக்கியது. முருகையன் கடைவாசல் நடைபாதையில் தனியாகப் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தான். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு அன்றைக்கே தெரியும் என்பதையும், வேலைக்குப் பயந்து சொல்லாமல் இருந்துவிட்டேன் என்பதையும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். ஒரு பத்து வயதுப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது இன்ஸ்பெக்டர் முன்னால் தசமக் கணக்கு போடுவதைவிடக் கஷ்டம். அவன் பம்பரத்தை எடுத்துக் கால்சட்டைப்பையில் போட்டுக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தான். "நானா இருந்தாலும் பயந்திருப்பேன் டீச்சர். வாங்க போலாம்" என்றான். திரும்பும்போது அவன்தான் முன்னால் ஓடினான்.

டெஸ்க்கைச் சுற்றி நாலாம் வகுப்பு முழுக்க நின்றது. பெரிய சாரும் மாஸ்டரும் இரண்டு பக்கம். முருகையன் சிவப்பு விதையைப் பழைய இடத்தில் வைத்தான். ஹமீதா புளியங்கொட்டையைப் பின்னால் இழுத்தாள். அதற்குப் பிறகும் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் யோசித்து, வேறொரு புலியை வேறொரு பக்கம் நகர்த்தினாள். முருகையன் "ஐயோ" என்றான். மாஸ்டர் அன்று முதல் தடவையாக சிகரெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். ஹமீதா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, அந்த ஆபீஸ் காகிதத்தை வாங்கி எழுத்துக்கூட்டி ஒருமுறை படித்தாள். பிறகு எல்லார் முகத்தையும் பார்த்துக் கேட்டாள்:

"ஆடவே தெரியாதவங்களப் போயி யாரு சார் இன்ஸ்பெக்டரா போட்டது?"

வகுப்பில் விளையாடுகிறவர்களையெல்லாம் பிடித்துவிட்டேன் என்று எந்த ஆசிரியராவது மார்தட்டினால், பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவரின் சட்டைப்பையை அவர் சோதிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.